வெள்ளை பூசிய கட்டைகள்

சுண்ணாம்பு குழைப்பதில் என்னை மிஞ்ச ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் ஆள் கிடையாது, ஐயா. நீங்கள் கேட்டதால் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பிளேக் வந்துபோன மறுவருஷம் துரை ஒரு சட்டம் போட்டார். சுரங்கத்தில் கூரைப் பாறையைத் தாங்கும் முட்டுக்கட்டை ஒவ்வொன்றையும் மேஸ்திரி சுத்தியால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று கேட்டால் வெள்ளை பூசலாம். வெள்ளை இல்லாத கட்டையின் கீழ் யாரும் வேலை செய்யக்கூடாது. அந்த மேஸ்திரி நான்தான். நல்ல சட்டம். ஷிப்ட்டுக்கு இறங்கும் நம் ஆட்கள் வெள்ளைக் கட்டையைத் தொட்டு, விரலில் ஒட்டியதைத் திருநீறு மாதிரி நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த ஐப்பசியில் அடைமழை. காட்டிலிருந்து மரவண்டி வரவில்லை. கட்டை இல்லையென்றால் நாங்கள் வேலை செய்யும் சுரங்கப்பாதையை, அந்த லெவலையே, மூடுவார்கள். ஆட்களுக்குக் கஞ்சி இல்லை, என் மேஸ்திரி வேலையும் வேறொருவனுக்குப் போகும். கைவிட்ட லெவல் ஒன்றில் பழைய கட்டைகள் நின்றன. பிடுங்கி வந்து நட்டேன். உள்ளே உளுத்திருந்தது தெரியும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சுதான்.

பாறையில் துளைபோடும் ஏசுபாதம் மட்டும் நெற்றியில் இடமாட்டான், வேதக்காரன். தன் சுத்தியால் கட்டையைத் தட்டினான்.

"இன்னா மேஸ்திரி, பொத்துபொத்துன்னு கேக்குதே?"

"துரை சட்டப்படி பூசுன கட்டை. பயமா இருந்தா ஊருக்குப் போ. உன் எடத்துக்கு ஆள் கீறான்."

நான் சத்தம் போடவில்லை. அவன் மனைவி லூயிசா நிறைமாதம் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் உள்ளே போனான்.

மத்தியானம் கூரை இறங்கியது. அவனும் இன்னும் இருவரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். துளைபோடும் எந்திரத்துக்குப் போகும் காற்றுக் குழாய் மட்டும் நசுங்காமல் கிடந்தது. கழற்றிய குழாய் வாயில் காதை வைத்துக் கேட்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு, ஆட்களைத் திரட்டத் துரை மேலே போனார்.

"மூணு பேரும் உசுரோட கீறோம். யாரு அங்க?" குழாய்க்குள் ஏசுபாதத்தின் குரல்.

பெயரைச் சொன்னேன்.

"மேஸ்திரி நீங்களா? அப்போ பயமில்ல. லூயிசாகிட்ட சொல்லிடுங்க."

வெளியே வந்தால் அவன் முதலில் பேசப்போவது கட்டையைப் பற்றித்தான். ஈரக் களிமண்ணை உருட்டிக் குழாயை அடைத்தேன். துரை வந்ததும் உள்ளே சத்தமே இல்லை என்றேன். தோண்டினால் மிச்சக் கூரையும் இறங்கி இன்னும் பலர் சாவார்கள் என்றேன். அது பொய்யில்லை. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

மழை விட்டு மரம் வந்தபின் மண்ணை அள்ளியபோது மூவரும் குழாயருகே உட்கார்ந்தபடியே இருந்தார்களாம். களிமண்ணை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள். அடைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

லூயிசா என்னைச் சபிக்கிறாள் என்கிறார்கள். அவளிடம் ஒன்று சொல்லுங்கள், ஐயா. அவள் புருஷன் பயமில்லாமல்தான் செத்தான். அந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுத்தது நான்.