கடைசிப் பந்தித் தலைவர்

தொண்டை கட்டிய நிலையிலும் தலைமை நாற்காலியை விடாது தாங்கி நிற்கும் மன்றத் தலைவர், என் மச்சான் எத்திராஜ் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மேன்மைமிகு சான்றோர்களே! சமையற்கட்டு வாசனை மூக்கைத் துளைத்தும் முகம் கோணாமல் வீற்றிருக்கும் பெங்களூரு தொம்மலூர்ப் பெருமக்களே! வீட்டில் என்னை இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசவிடாத என் துணைவியார் ஜெயலட்சுமி உள்ளிட்ட தாய்மார்களே! கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றாமலே அலுவலகத்திலிருந்து ஓடிவந்த இளஞ்சிங்கங்களே! முப்பது ஆண்டுகள் ஆலை கேண்டீனில் கரண்டி பிடித்த முனிராஜ் நான், கை கூப்பி வணங்குகிறேன்.

'நெஞ்செரிச்சலை இயற்கை வழியில் வெல்வோம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தது யார்? நம் விழாக்குழு. அதே விழாக்குழு பந்திக் கூடத்தில் என்ன வைத்திருக்கிறது? எட்டிப் பார்த்தேன். பீடாத் தட்டுக்குப் பக்கத்தில், ரோஜா இதழ் தூவி, பளபளக்கும் தட்டில் கேஸ் மாத்திரை! ஆகா! தீயையும் நாமே மூட்டி, தண்ணீர் வாளியையும் நாமே நீட்டும் விருந்தோம்பல் வேறெந்த இனத்துக்கு வாய்க்கும்?

கைதட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா? தட்டுகிற கைகளில் பாதி, சட்டைப்பைக்குள் மாத்திரை அட்டை தேடுகிற கைகள்!

என்ன, பின்னால் யாரோ கை தூக்குகிறார்? கவின் தம்பியா? சொல்லுங்கள்.

"சார், எனக்குக் காரம் ஒத்துக்கல. அதான் எரியுது."

காரமாம்! எதிர்வீட்டுக்காரன் நான், எனக்குத் தெரியாதா? காலையில் வெறும் வயிற்றில் காப்பி. பதினோரு மணிக்கு, ஒன்றை இருவர் பகிரும் பை-டூ காப்பி, அதிலும் நண்பன் பங்கைச் சேர்த்து. சாயங்காலம் தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரி. இரவு பதினொன்றுக்குப் பிரியாணி, அது தொண்டையைத் தாண்டுமுன் மடிக்கணினியை மார்பில் வைத்து மல்லாந்த கோலம்! வயிறு என்ன செய்யும்? வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. பழி மட்டும் பாவப்பட்ட மிளகாய்க்கு! இந்த ஊரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் "ஊட்ட ஆயித்தா?", சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் அன்போடு கேட்கிறார்கள். சாப்பாடு ஆயிற்று. எத்தனை மணிக்கு ஆயிற்று என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

அவர் இளைஞர், போகட்டும். இதோ, தலைமை நாற்காலியில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறாரே, அவர் கதைக்கு வருகிறேன். முறைக்காதீர்கள் மச்சான், சொல்லத்தான் போகிறேன்.

திருவிழாவில் ஒலிபெருக்கி கெட்டால் ஆள் அனுப்பி இவரைத்தான் கூப்பிடுவோம். இவர் நின்ற இடத்தில் நின்று "பக்தகோடிகளே!" என்றால் பத்துத் தெரு திரும்பிப் பார்க்கும். அந்தக் குரல்காரர் ஆறு ஆண்டுகளாக ரோஸ் நிற மருந்தை இளநீர் போலக் குடித்தார். எரிந்தால் ஒரு மூடி, ஏப்பம் வந்தால் இரண்டு மூடி. இந்தத் தை மாதம் குரல் கம்மியது. டாக்டர் சௌம்யாவிடம் நான்தான் அழைத்துப் போனேன். அந்த அம்மா கன்னடக்காரர், நமக்காகத் தமிழில் சொன்னார்:

"ஆசிட் தொண்டை வரைக்கும் ஏறுது எத்திராஜ் அவரே. நைட் ஊட்டா ஏழு மணிக்குள்ள முடிங்க. சாப்ட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டில் தலைமாட்டை அரை அடி தூக்குங்க. தொப்பையைக் கொறைங்க. இப்படியே விட்டா பழைய வாய்ஸ் திரும்பாது."

நம் தலைவர் பணிவோடு என்ன கேட்டார் தெரியுமா?

"பெரிய பாட்டிலா எழுதிக் குடுங்கம்மா."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! ஏழு மணிக்கு இவர் ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும். 'தலைவர் கடைசிப் பந்தி' என்று நாம் ஒரு மரபு வைத்திருக்கிறோம். கல்யாணமா, காதுகுத்தா, ஆண்டு விழாவா, இவர் சாம்பார் வாளியோடு நிற்பார். கடைசி விருந்தாளி கை கழுவிய பிறகு, பத்தரை மணிக்கு, ஆறிய பூரியும் அடிப் பாயசமும் இவருக்கு! உண்டதும் உறக்கம். இருபத்திரண்டு ஆண்டுகள்! இது பண்பாடா, பட்டினியா? மரியாதையா, மனிதனை வதைப்பதா? இதைத் தியாகம் என்று புகழ்ந்து போன ஆண்டு இதே மேடையில் பொன்னாடை போர்த்திய மடையன் யார்? நான்தான் அய்யா! மாத்திரைத் தட்டு வைத்தவனைவிடப் பெரிய குற்றவாளி நான்.

மருத்துவர் தரும் மருந்தை நான் ஏளனம் செய்யவில்லை. விழுங்க முடியவில்லை, இரத்த வாந்தி, நெஞ்சுவலி கைக்கு இறங்குகிறது என்றால், என் பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆனால் மருந்தை ஊற்றி ஊற்றி, தின்னும் நேரத்தை மட்டும் திருத்த மாட்டோம் என்கிற திமிர் இருக்கிறதே, அதைத்தான் காறித் துப்புகிறேன்!

மணி ஆறே முக்கால். இன்னும் ஐந்து பேர் பேசக் காத்திருக்கிறார்கள். பேசட்டும், வயிறு நிறைந்த பிறகு பேசட்டும்! இன்று தலைவருக்கு முதல் பந்தி. என்ன மச்சான், கையை ஆட்டுகிறீர்கள்? மரபு கெட்டுவிடுமா? இதோ, தாய்மார்கள் பக்கம் உங்கள் அக்கா, என் ஜெயலட்சுமியே எழுந்துவிட்டார்.

"டேய் எத்திராஜு! எலை போட்டாச்சு, எழுந்து வாடா!"

பதில் சொல்லுங்கள் மச்சான். மைக் வேண்டாம், பழையபடி சொல்லுங்கள்.

சொல்லிவிட்டார். என்ன சொன்னார்? மூன்றாம் வரிசை, உங்களுக்குக் கேட்டதா? கேட்கவில்லையா? பக்கத்தில் நிற்கும் எனக்கே பாதிதான் கேட்டது. "எல்லாரும் மொதல்ல சாப்டட்டும்க்கா" என்றார். பத்துத் தெருவை எழுப்பிய குரல், இரண்டு வரிசையைத் தாண்டவில்லை அய்யா! எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் குரலை நாம் இலை இலையாகத் தின்று தீர்த்திருக்கிறோம்.

அமைதி, அமைதி... தலைவர் எழுந்துவிட்டார்! வழி விடுங்கள்.

பொறுமையாய்த் திட்டு வாங்கிய பெருமக்களே, உங்களுக்கு என் நன்றி. பரிமாறக் காத்திருக்கும் கைகளுக்கு என் வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை, யாரும் அந்த மனிதர் கையில் சாம்பார் வாளியைக் கொடுக்காதீர்கள்.