ஓரம் என்று கத்தியவன்

சுவரோடு ஒட்டி நிற்கிறேன். கன்னத்தில் சுவரின் குளிர்ச்சி. எப்படி இங்கே வந்தேன் என்று தெரியவில்லை. சற்று முன்புவரை தொழுகைக் கூடத்தின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. பலகை மேல் பலகை விழுவது போல. பட். பட். பிறகு இடைவெளி இல்லாமல். காலித் தோட்டா உறைகள் தரையில் உருளுவது தனியாகக் கேட்கிறது. கை கால் கழுவும் இடத்தில் யாரோ குழாயைச் சரியாக மூடவில்லை. தண்ணீர் சொட்டுகிறது. அதுவும் கேட்கிறது.

துப்பாக்கியோடு அவன் நடக்கிறான். ஓடவில்லை. தொழுகைக் கம்பளத்தின் மேல் பூட்ஸ் காலோடு நடக்கிறான். முதலில் கண்ணில் பட்டது அந்த பூட்ஸ்தான். தோலும் பூட்ஸும் செய்யும் ஆம்பூர்க்காரன் கண் வேறு எங்கே போகும். கம்பளத்தில் இதோடு ஏறுகிறானே என்று கோபம் வந்தது. மனிதர்கள் விழுந்துகொண்டிருக்கும்போது எனக்கு அந்தக் கோபம்.

நடுவில் சுடுகிறான். வரிசைகள் நடுவில்தான் இருந்தன. பின்கதவுக்குப் பலர் ஓடுகிறார்கள். அந்தப் பக்கம் திரும்பிச் சுடுகிறான். நான் நிற்கும் சுவரில் குளிர்கால கோட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவில் நானும் ஒரு கோட்டு. மூச்சு விடவில்லை. அவன் தோட்டா மாற்றுகிறான். மறுபடி சுடுகிறான். பிறகு போய்விடுகிறான். குழாய் மட்டும் சொட்டுகிறது.

இதை எழுத ஒரே காரணம் உண்டு. விசாரணை அறிக்கையில், உள்ளே இருந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். தவறு. எச்சரிக்கை இருந்தது. வாசலில் நின்ற அன்வர் கத்தினான். அதனால்தான் நான் சுவருக்குப் போனேன்.

அன்வர் என் தோஸ்த். ஆம்பூரில் ஒரே தெரு. இளம் வயதில் இருவரும் தோல் பதனிடும் ஒரே டேனரியில் ஈரத்தோல் வண்டி தள்ளினோம். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோல் இரும்பு கனம் கனக்கும். தரை வழுக்கும். தள்ள ஆரம்பித்த வண்டியை நிறுத்த முடியாது. அதனால் தள்ளுகிறவன் கத்திக்கொண்டே வருவான். "ஓரம்! ஓரம்!" அந்தச் சத்தம் கேட்டால் என்ன வேலையில் இருந்தாலும் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தவன் கால் போய்விடும்.

அன்வருக்குப் பெரிய தொண்டை. தெருவில் அவனை லவுட் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவோம். இது நடந்த குளிர் நாட்டுக்கு முதலில் போனவன் அவன்தான். வேன் ஓட்டினான். பிறகு என்னை அழைத்துக்கொண்டான். ஒரு தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக் கூடத்தின் வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்புவான். அங்கே ஆம்பூர்க்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தமிழ் தெரிந்தவர்களும் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவனுக்கு மூன்று மொழி. வீட்டில் அம்மாவோடு பேசிய உருது. வேன் ஓட்டக் கற்ற ஆங்கிலம். டேனரியில் கற்ற தமிழ். ஆங்கிலத்தில் கத்தியிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். உருதுவில் கத்தியிருந்தாலும் பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். துப்பாக்கியைப் பார்த்தவுடன் அவன் வாயில் வந்தது வண்டி தள்ளும்போது கத்தும் சொல். "ஓரம்! ஓரம்!" இரண்டு முறை. மூன்றாவது முறை பாதியில் நின்றது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ வழக்கம்போல் சத்தம் போடுகிறார் என்று ஒருவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். என் உடம்பு மட்டும் எழுந்து போய்விட்டது.

சுட்டவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரை எழுத மாட்டேன். அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அதுவே எனக்கு எரிச்சல். இளைஞன். பக்கத்துப் பேட்டையில் வளர்ந்தவன். பழுப்புத் தோல்காரர்கள் வந்து தன் இனத்தை அழிக்கப்போகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான். எங்களில் ஒருவரோடும் அவன் பேசியதில்லை. நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்னபோது நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். கழிவுத் தோலைப் பார்ப்பது போல. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஹலிமா என்ற பெண் என்னிடம் வந்தார். சோமாலியாக்காரர். அவருடைய கணவர் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். வாசலில் நின்றவர் என்ன கத்தினார் என்று கேட்டார். அர்த்தம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அப்படியென்றால் உங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் உள்ளே கிடக்கிறது. பதில் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

அந்த ஊரில் அதற்குப் பிறகு இருக்க முடியவில்லை. பட்டறையில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் நாள் முழுதும் ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாது. ஆம்பூருக்குத் திரும்பிவிட்டேன்.

இங்கே தனிமை வேறு மாதிரி. பைபாஸ் பக்கம் டீக்கடைக்காரர் போனை நீட்டினார். சுட்டவன் சுடும்போதே எடுத்த வீடியோ. "பாய், இதுல நீங்க எங்க நிக்கிறீங்க?" நல்ல மனிதர்தான். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். நான் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். இப்போது அந்த வழியில் போவதில்லை.

ஊரிலேயே இருந்துவிட்ட அன்வர் மனைவி நசீமாவைப் பார்க்கப் பல நாள் தயங்கினேன். கணியம்பாடிப் பெண். தமிழ்தான் பேசுவாள். கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமாவை அன்வர் சொல்லிக்கொண்டே உயிர் விட்டதாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஆறுதலுக்குச் சொன்னது. போனதும் அதையே கேட்டாள்.

"கலிமா சொன்னாருன்றாங்களே. நீங்க கேட்டீங்களா பாய்?"

"இல்லம்மா. ஓரம்னு கத்துனான்."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வீட்டுலயும் அதான். பீரோவ நகத்தும்போது பாப்பா குறுக்க வந்துட்டா அப்டித்தான் கத்துவாரு. தெருவே திரும்பிப் பாக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க வேற யாருக்கும் தமிழ் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அப்ப உங்களுக்குன்னுதான் கத்தியிருக்காரு."

ஹலிமா சொன்னதையே இவளும் சொன்னாள். ஒருத்திக்கு அது காயம். இன்னொருத்திக்கு அது பெருமை. என்னால் இரண்டையும் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. அவன் என்னைப் பாக்கவே இல்ல" என்றேன். "வெளிய ஓடியிருக்கலாம். வாசல் பக்கத்துலதான் நின்னான். உள்ள பாத்துத் திரும்பிக் கத்துனான். மொத்தப் பேரையும் பாத்து."

ஹலிமா சொன்னதையும் சொன்னேன். நசீமா தலையை ஆட்டினாள். "அத எழுதிடுங்க பாய். அந்தம்மாவுக்கும் தெரியட்டும்."

அதனால் எழுதுகிறேன். ஹலிமா, இதை யாராவது உங்கள் மொழியில் உங்களுக்குச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

நேற்று டேனரி வழியாகப் போனேன். வாசலில் ஈரத்தோல் வண்டி வந்தது. "ஓரம்! ஓரம்!" நான் சுவரில் ஒட்டிக்கொண்டேன். வண்டி போய்விட்டது. மற்றவர்களும் நடந்து போய்விட்டார்கள். என்னால் நகர முடியவில்லை. தள்ளுகிறவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா பாய், வண்டிதான் போய்டுச்சே."

இறந்தவர்கள் பதினொரு பேர். ரொட்டிக்கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். ஒரு பல் மருத்துவர். பேருந்து ஓட்டுநர் ஒருவர். மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பவிருந்த ஒரு முதியவர். படிக்க வந்த மூன்று பேர். தொழுகை நடத்தியவர். ஹலிமாவின் கணவர், பெயர் யூசுப். என் அன்வர்.

எச்சரிக்கை ஒன்று. உள்ளே இருந்த எல்லோருக்கும் சேர்த்துத்தான் அன்வர் சொன்னான்.