ரெண்டாவது சீசா

— மூணு தபா கட்டிப் பாத்துட்டீங்க சாரு. அவன் கையி இன்னா கரும்பா, இந்தப் பிழி பிழியறீங்க?

— சும்மா இருங்க செல்லிம்மா. கண்ணாயிரம், கைய தளத்திப் போடு. பேசாத... மறுபடியும் இருநூத்தி இருவது. உனக்கு இன்னா வயசு தம்பி?

— பத்தொம்போது சாரு.

— இந்த வயசுக்கு ரத்தக்கொதிப்பு நூத்தி இருவது இருந்தா சரி. மிஷின் தப்பா சொல்லுதோன்னு என் கையிலயே கட்டிப் பாத்தேன். மிஷின் நல்லாத்தான் இருக்கு.

— வெயில்ல சாமை அறுத்தான், அதான் தலநோவு. சந்தையன்னிக்கு ஜமுனாமரத்தூருக்கு போளூர்லேர்ந்து பிலிப் டாக்டரு வருவாரு, ஒரு ஊசி போட்டா தீந்துடும்னாங்க, அதான் உங்களாண்ட வந்தோம். போட்டு அனுப்புங்க சாரு.

— நோவு இன்னான்னு தெரியாம எதுக்கு ஊசி? தம்பி, வாந்தி வருதா?

— வருது சாரு. கண்ணும் மங்குது. நேத்து கொல்லையில அருவாள கீழ வெச்சிட்டு, எங்க வெச்சேன்னு தெரியாம தடவிக்கினு இருந்தேன்.

— அடப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடா!

— சொன்னா மறுபடியும் பூசாரியாண்ட இட்டுக்கினு போய் வேப்பிலையால அடிக்க வெப்ப.

— காலையில எழுந்தா மூஞ்சி உப்பியிருக்குமா?

— அது எங்க வூட்டு வாகு சாரு. எனக்குங்கூடத்தான் உப்பும். மலைக்காத்து அப்டி.

— இந்த வெளிச்சத்தப் பாரு தம்பி. அசையாத... கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. இது வெயில் இல்ல. சின்ன வயசுல கொதிப்பு இப்டி ஏறினா, கிட்னி கெட்டிருக்கான்னுதான் மொதல்ல பாக்கணும். இந்தா சீசா. மூத்திரம் புடிச்சிக்கினு வா.

— அது ஆவாது சாரு.

— ஏன் ஆவாது?

— தலமுடி, நகம், மூத்திரம், இதெல்லாம் நாங்க அசலாளு கையில குடுக்கமாட்டோம். அத வெச்சே செஞ்சிப்புடுவாங்க. ஏற்கெனவே இவன் சித்தப்பன் செய்வினை வெச்சிக்கீறான்னு பூசாரி சொல்றாரு. அப்பன் இல்லாத புள்ள சாரு. எனக்கு இவன் ஒருத்தன்தான்.

— நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்மா. எனக்கு சூனியமும் தெரியாது, மந்திரமும் தெரியாது. இந்த ஸ்பிரிட் வெளக்கு ஒண்ணுதான் தெரியும்.

— உங்கள சொல்லல. சந்தையில ஆயிரம் பேரு வர்றான். எவன் கையிக்கி எது போவும்னு யாரு கண்டா?

— அப்ப கூட்டிக்கினு போங்க. நாளைக்கி வலிப்பு வந்து வுழுந்தான்னா பூசாரியவே கூப்புடுங்க.

— கோச்சிக்காதீங்க சாரு... இப்டி குடுங்க சீசாவ. நானே வாங்கியாந்து தர்றேன். அவன் கையிலேர்ந்து நேரா உங்க கையிக்கி வரக்கூடாது.

— யாரு கொண்டாந்தா எனக்கின்னா? சீக்கிரம் போய்ட்டு வாங்க.

— ...இந்தாங்க சாரு, கொண்டாந்துட்டேன். அவனுக்குத் தல சுத்துதாம், வெளிய புளியமரத்தாண்ட ஒக்காந்துக்கினான்.

— ஒக்காரட்டும். இந்தக் குழாய்ல ஊத்தி சூடு காட்டறேன், பாருங்க. நல்ல மூத்திரம்னா சூடானாலும் தெளிவா இருக்கும்... ம். மேல தெரளுது பாத்தீங்களா?

— முட்ட வேவறாப்ல வெள்ளையா வருதே!

— ஒடம்புல தங்கவேண்டிய சத்து இதுல ஒழுவுதும்மா. ஆடு அறுக்கறப்ப ரெண்டு குண்டிக்காய் பாத்திருப்பீங்களே, அதான் கிட்னி. உங்க புள்ளைக்கு அது ரெண்டும் கெட்டுக்கினு வருது.

— இந்தக் குழாய்ல கீறத வெச்சா சொல்றீங்க?

— கொதிப்பு, கண்ணு, வீக்கம், அல்லாம் சேந்துதான். ஆனா கையில கெடச்ச சாட்சி இதான்.

— அப்ப இன்னொரு தபா பாருங்க சாரு! இந்த வாட்டி அவனே குடுக்கட்டும். உங்க கையிலயே குடுக்கட்டும்.

— இன்னாம்மா இது! இம்மா நேரம் குடுக்கமாட்டேன்னு மல்லுக்கு நின்னீங்க. செய்வினை இன்னா ஆச்சி?

— அது கெடக்குது வுடுங்க. டேய் கண்ணாயிரம்! உள்ள வாடா. இந்தா, இன்னொரு சீசா. ஓடு.

— இப்பத்தானேம்மா போனேன்?

— ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போடா! கேள்வி கேட்டுக்கினு.

— இன்னாம்மா, இவ்ளோ பெரிய விஷயம் சொல்லிக்கீறேன், நீங்க சிரிக்கறீங்க?

— எம்புள்ளைக்கி ஒண்ணும் இருக்காது சாரு. பாருங்களேன், நீங்களே சொல்லப்போறீங்க.

— இந்தாங்க சாரு. ரொம்ப வரல.

— இது போதும் தம்பி. நீ ஒக்காரு.

— தெளிவாத்தான் கீது! நான் சொன்னேன்ல சாரு?

— இருங்கம்மா, இன்னும் சூடே ஏறல... இப்ப பாருங்க.

— இல்ல.

— அதே மாதிரிதாம்மா. மொதல்ல பாத்தத வுட இது இன்னும் கெட்டி.

— இல்ல சாரு... ஐயோ, எம்புள்ள!

— ம்மா, ஏம்மா இப்டி கத்தற? சாரு, எனக்கு இன்னா? செத்துடுவனா?

— சீ, வாய மூடு. இந்த மாத்திரைய இப்பவே முழுங்கு. சாயங்கால பஸ்ஸுல ரெண்டு பேரும் என்கூடவே மலையெறங்குங்க, போளூர்ல வேலூர் வண்டி ஏத்தி வுடறேன். பெரியாஸ்பத்திரியில கொதிப்ப எறக்குவாங்க.

— கொதிப்பு எறங்கலன்னா?

— கிட்னி ரெண்டும் நின்னே போனாலும் இப்பல்லாம் ஒரு வழி இருக்கு தம்பி. வேற ஆளோடத எடுத்து வெக்கறாங்க.

— எனக்கு யாரு சாரு குடுப்பாங்க?

— பெத்தவ குடுத்தா நல்லா ஒத்துப்போவும். ரெண்டுல ஒண்ணு குடுத்தாலும் மிச்சம் ஒண்ணு அவங்களுக்குப் போதும். உங்கம்மா பாறையாட்டம் இருக்காங்க, உனக்கு இன்னாடா கவல? குடுப்பீங்கல்ல செல்லிம்மா?... இன்னாம்மா, அந்த மொத குழாயையே எடுத்து எடுத்துப் பாக்கறீங்க? பயமா இருக்கா?

— ம்மா?

— உசுரக் கேட்டாலும் குடுப்பேன் சாரு. சூனியம் வெச்சா என் மேல வெக்கட்டும்னு, அவன் குடுத்தத வழியிலயே கொட்டிட்டேன். மொத சீசாவுல இருந்தது என்னுது.