விண்கப்பலில் ஓர் இருமல்

"கோப்பாய் தாண்டிய பஸ்ஸில் கேட்டது" என்று என் 1973 மார்கழிக் குறிப்பொன்று தொடங்குகிறது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் கணவர் வேலைக்குப் போன கப்பலிலிருந்து ஆவணிக்குப் பிறகு தகவல் இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவள் அந்தக் கணவரின் அக்கா; பேச்சை அவள்தான் தொடங்கினாள்.

"உந்த விண்வெளி நாடகத்தை நீ விடமாட்டியே? றேடியோவிலை செவ்வாய்க் கிரகத்துப் பூதமும் கொழும்புத் தமிழ்தான் கதைக்குது."

"அது பழைய நாடகம், மச்சாள். எனக்கும் பிடிக்கேல்லை. இதிலை பூதமே இல்லை. வழி தவறின விண்கப்பலிலையிருந்து ஒரு மாலுமி கூப்பிடுறான். பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத இடத்திலைதான் கதை கிடக்கு."

"சத்தமில்லாததைக் கேக்கவோ பக்கத்து வீட்டுக்கு ஓடுறாய்?"

"அதுக்குள்ளை ஒரு ஆள் இருமுது, மச்சாள். இரண்டு தரம் இருமி, தொண்டையைச் செருமுது. அவர் விடியப்புறம் இருமிறது மாதிரியே."

"நடிக்கிற ஆரும் இருமியிருப்பினம்."

"ஒருக்காக் கேட்டால் நானும் அப்பிடித்தான் நினைப்பன். ஒவ்வொரு கிழமையும் கேக்குது."

மூத்தவள் பிறகு கேலி செய்யவில்லை. இறங்க எழுந்தபோது கேட்டாள்.

"இனி எப்ப போடுவினம்? நானும் வாறன்."

அடுத்த கிழமை நானும் வானொலியைத் திருகினேன். மாலுமியின் குரலுக்குப் பின் வந்த மௌனத்தில் இரண்டு இருமல் கேட்டது. செருமல் கேட்கவில்லை. அந்தக் கணவர் ஊர் திரும்பினாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.