எட்டு வருடம் கொலை நடக்காத மலை

மலைமேல் குளிர் அதிகம் என்பதால் எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எந்நேரமும் டீ சூடாக இருக்கும். புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு நானே ஊற்றிக் கொடுப்பேன். சத்தியமங்கலத்துக்கு மேலே பதினோரு சிற்றூர்கள், ஒரே ஒரு பஸ். 1990 முதல் எட்டு வருடம் அங்கே நான் புகார்களைப் பதிந்து எழுதும் ரைட்டர் ஏட்டாக இருந்தேன்.

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து மதிவதனி என்றொரு ஆராய்ச்சி மாணவி என்னைத் தேடி வந்தாள். மலை ஊர்களின் குற்றங்களைப் பற்றி எழுதுகிறாளாம்.

"ஏனுங்க சார், எழுபதுகள்ல வருசத்துக்கு ரெண்டு மூணு கொலை பதிவாயிருக்குதுங்க. நீங்க இருந்தப்போ ஒண்ணுகூட இல்லீங்களே?"

"சனங்க திருந்திட்டாங்க அம்மணி" என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதிய கையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

கொலை என்று பதிந்தால் சாட்சிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஏழைகளை எதற்கு அலைக்கழிப்பது என்று நினைத்தேன். பாறையில் வழுக்கி விழுந்தார், யானை மிதித்தது, வயிற்று வலி தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார். எட்டு வருடத்துக்கு இந்த மூன்றே போதுமானவையாக இருந்தன. ஈரோட்டில் நடக்கும் போலீஸ் கூட்டங்களில் எங்கள் ஸ்டேஷன் பெயரைச் சொல்லிக் கை தட்டுவார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

பழனியாத்தாள் ராகிக் காட்டில் கூலி வேலை செய்தவள். புருஷன் கதிரேசன் அடிக்கிறான் என்று மூன்று முறை நடந்தே வந்தாள். மூன்று முறையும் சமாதானம் சொல்லி அனுப்பினேன். நான்காவது முறை வந்தது 1994 டிசம்பரில், மத்தியானம். ஒரு கண் முழுதாக மூடியிருந்தது.

"ஏட்டய்யா, இன்னைக்கு ஊட்டுக்குப் போனா என்ற ஊட்டுக்காரரு என்னைக் கொன்னுபோடுவாருங்க. எழுதிக்கோங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது கண்ணு. டீயக் குடி."

அவள் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கிணற்றிலிருந்து அவளைத் தூக்கினார்கள். கழுத்தில் விரல் தடங்கள் இருந்தன. வயிற்று வலி தாங்காமல் கிணற்றில் குதித்தாள் என்று எழுதி, அவள் அப்பன் மாரப்பனிடம் கைநாட்டு வாங்கினேன். படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

"எம்புள்ளைக்கு வவுத்து வலியே வந்ததில்லீங்களே" என்றார். பிறகு வேட்டி நுனியில் விரல் மையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைக் கும்பிட்டு, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை சொன்னது, சோம்பேறி ஏட்டு ஒருவன் எழுதாமல் விட்ட கதை. அது மட்டுமென்றால் எப்போதோ மதிவதனியிடம் சொல்லியிருப்பேன்.

அந்த மத்தியானம் பழனியாத்தாள் கிளம்ப மறுத்தாள். எழுதாவிட்டால் ஈரோட்டுக்கே போய்ப் பெரிய அதிகாரியைப் பார்ப்பேன் என்றாள். மிரட்டினால் அடங்குகிறவள் இல்லை, போய்ச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் பழைய சாவுகளையும் தோண்டுவார்கள். ஆள் அனுப்பிக் கதிரேசனை வரவழைத்தேன். அவனைத் தனியாக வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன்: "இவ இன்னொருக்கா இங்க வரக்கூடாதப்பா. வேற எங்கீயும் போகக்கூடாது. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவன் உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினான். நான் சொன்னது அவனுக்குப் புரிந்தது. புரிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.