புடவைக்குக் கல்யாணம்

"நேத்து என் புடவைக்குக் கல்யாணம்."

பிள்ளையார்பாளையத்தில் ஷேர் ஆட்டோ கிளம்பியதும் எதிரே இருந்த அம்மாள் சொன்னார். பட்டு நெசவு செய்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில், பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு இளையவள் ஒருத்தி.

"புடவைக்கா? இன்னாக்கா சொல்ற?"

"நான் நெய்ஞ்ச புடவைய ஒரு கல்யாணப் பொண்ணு கட்டி நேத்து வரிக்கும் நான் பாத்ததில்லடி. கடைக்குப் போயிடும், அதோட சரி. ஓரிக்கை தாண்டி ஒரு ஊரு. கல்யாணப் புடவைன்னா தறிக்கே வந்துதான் வாங்கணும், நெய்றவங்க சொல்ற விலைய பேரம் பேசக்கூடாது, அவங்கள கல்யாணத்துக்கும் கூப்புடணும்னு ஊரே சேந்து முடிவு பண்ணி வெச்சிருக்காங்க."

"உன் தறிக்கும் வந்து வாங்குனாங்களா? கல்யாணத்துக்குப் போனியா?"

"முன்வரிசையில உக்கார வெச்சாங்க. பொண்ணு அந்தப் புடவையில வந்து நின்னதும் எனக்கு அழுவ முட்டிக்கினு வந்துச்சு. பொண்ணோட அம்மா சிரிச்சிக்கினு இருக்காங்க, நான் தேம்பிக்கினு இருக்கேன்."

"ஐயோ அக்கா."

"மாப்பிள்ள வீட்டுப் பெரியவரு ஒருத்தரு, இப்படி அழுதா பெத்தவளாத்தான் இருக்கும்னு நெனச்சி பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரையும் என் கால்ல விழச் சொல்லிட்டாரு."

ஓட்டுநர் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னான்னு வாழ்த்துன?"

"வாயில வேற ஒண்ணும் வரல. தண்ணியில ஊற வெக்காத கண்ணு, நெழல்ல காய வெய்னு சொன்னேன்."

"அதுக்குப் பொண்ணு?"

"என் தங்கச்சிக்கும் நீங்கதான் நெய்யணும், நீங்கதான் வந்து அழணும்னுச்சு."