இடது கைக்குக் கொடுத்த வாக்கு

அச்சத்தோடு வந்தவர்களை ஆறுதலோடு அனுப்பியவரே, நடுங்கும் விரல்களுக்குப் பிடிகொடுத்தவரே, எங்கள் பல் மருத்துவமனையின் இரண்டாம் நாற்காலிக்கு இடப்பக்கம் இருபத்தொன்பது ஆண்டுகள் செவிலியராக நின்ற எங்கள் அன்பு அக்கா அவர்களே, வணக்கம்!

தங்களுக்கு மடல் எழுத உட்கார்ந்ததும் 'பொறுமையின் சிகரமே, கருணையின் கடலே' என்று நான்கு வரி எழுதினோம். படித்துப் பார்த்தபோது, ஓய்வு பெறும் யாருக்கும் அது பொருந்தும் என்று பட்டது. அடித்துவிட்டோம். தங்களுக்கு மட்டுமே பொருந்துவது ஒன்று உண்டு. பேருந்து ஓட்டுநருக்கு ரூட் கெனால் செய்த நாள். அறைக்குள் நாங்கள் கண்டதையும், பிற்பாடு அவரே வாய்விட்டுச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறோம். எங்காவது பிசகியிருந்தால் பொறுத்தருள்க.

அந்த ஓட்டுநர் மூன்று முறை எங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியவர். முதல் முறை போன் வந்ததாகச் சாக்குச் சொன்னார். இரண்டாம் முறை சாக்குச் சொல்லவும் நேரமில்லை; வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனார். மூன்றாம் முறை ஊசியின் உறையைப் பிரிக்கும் சத்தமே போதுமானதாக இருந்தது. நான்காம் முறை வந்தபோது கன்னம் வீங்கி, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் ஓடினால் சீழ் கழுத்துக்கு இறங்கிவிடும், அப்புறம் பெரிய மருத்துவமனையில்தான் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஓட்டுநரின் மனைவி அவர் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"மலைப்பாதையில அம்பது பேரை வச்சு வண்டி ஓட்டுறார். இங்க வந்தா மட்டும் இவருக்கே பிரேக் பிடிக்க மாட்டேங்குது" என்றார் எங்களிடம்.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கருவிகளைப் பார்த்தால்தானே பயம் என்று நாங்களாகவே முடிவு கட்டி, தட்டைப் பச்சைத் துணியால் மூடிவைக்கும் பழக்கத்தை அந்த மாதம்தான் கொண்டுவந்திருந்தோம். ஓட்டுநரின் கண் அந்தத் துணியைவிட்டு நகரவே இல்லை. அதற்கடியில் கியர் கம்பி நீளத்துக்கு ஏதோ கிடப்பதாக அவர் மனம் வரைந்துகொண்டிருந்ததாம். தாங்கள் அவர் கண் போன திசையைக் கவனித்தீர்கள். துணியை உருவினீர்கள். சின்னக் கண்ணாடி, கொக்கிக் கம்பி, ஊசி, தலைமுடி கனத்தில் சில கம்பிகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, அது என்ன செய்யும் என்றும் சொன்னீர்கள்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான். வலிக்கவே வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஊசி பத்து எண்ணுற நேரம் சுருக்குன்னு இருக்கும். அப்புறம் மரத்துடும். சத்தம் கேட்கும், அழுத்துறது தெரியும். வலிச்சா இடது கையைத் தூக்குங்க தம்பி. மெஷின் நிக்கும்."

அவர் நம்பவில்லை. சிறுவயதில் யாரோ ஒருவர், 'முடிஞ்சுது, முடிஞ்சுது' என்று சொல்லிக்கொண்டே பல்லைப் பிடுங்கியிருக்கிறார். வாக்குக் கொடுக்கும் வெள்ளைச் சட்டைக்காரர்கள்மேல் அன்று போன நம்பிக்கை திரும்பவே இல்லை.

ஊசி போட்டபோது தாங்கள் உரக்க எண்ணினீர்கள். சரியாகப் பத்தில் முடிந்தது. மெஷின் சுழன்றதும் அவர் கை உயர்ந்தது. மெஷின் நின்றது. "என்ன?" என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். மறுபடி உயர்ந்தது, மறுபடி நின்றது. இப்படி ஆறு முறை. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். ஏழாம் முறை, வேலையில் ஆழ்ந்திருந்த மருத்துவர், "இன்னும் அரை நிமிஷம்தான்" என்று நிறுத்தாமல் தொடர்ந்தார்.

அப்போது தாங்கள் செய்ததை நாங்கள் யாரும் செய்திருக்க மாட்டோம். கையை நீட்டி நாற்காலியின் சுவிட்சையே அணைத்தீர்கள். மெஷினோடு விளக்கும் அணைந்தது.

"இந்த ஒரு இடம் அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே சிஸ்டர்" என்றார் மருத்துவர்.

"கை தூக்கினா நிக்கும்னு சொல்லியிருக்கேன் டாக்டர்."

இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர் அவர். என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தோம். ஓட்டுநரின் மனைவி பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மருத்துவர் முகக்கவசத்தை இறக்கி, "என் தப்புதான்" என்றார். தங்களிடம் அல்ல, ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் எழவில்லை. மரத்துப்போன உதட்டோடு குழறிக் குழறிச் சொன்னார்: "வலிக்கல அக்கா. நிக்குமான்னு பார்த்தேன்."

பிறகு தாமாகவே இடது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். அடுத்த முக்கால் மணி நேரமும் அது உயரவில்லை. அன்றைய வேலை முடிந்ததென்று மருத்துவர் சொன்னபோது பதிலும் இல்லை. குனிந்து பார்த்தால் ஆள் தூங்கியிருந்தார். செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்த மனைவிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை பச்சைத் துணிகள் மேசை துடைக்கப் போயின. பல் எடுப்பதோ, அடைப்பதோ, சுத்தம் செய்வதோ, எதுவானாலும் தொடங்குமுன் "கையைத் தூக்கிப் பாருங்க" என்று மருத்துவரே சொல்லத் தொடங்கினார். இன்றுவரை சொல்கிறார்.

அக்கா அவர்களே! பிறர் வாய்க்கு நிம்மதி தந்த தாங்கள் நோயின்றி, கவலையின்றி, கடித்துச் சுவைத்து, மனம்விட்டுச் சிரித்து நெடுங்காலம் வாழ வேண்டும்! நாளைக் காலை முதல் இரண்டாம் நாற்காலிக்கு இடப்பக்கம் தாங்கள் இருக்க மாட்டீர்கள் என்பதை நினைக்கும்போது, சொன்னால் வெட்கம், இத்தனை பேருக்குத் தைரியம் சொன்ன எங்களுக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆகவே இதை வாசிக்கும் இந்த நொடியில் நாங்கள் அத்தனை பேரும் இடது கையைத் தூக்குகிறோம். தாங்கள் வகுத்த முறைப்படி எல்லாம் நின்றாக வேண்டும், 'என்ன?' என்று தாங்கள் கேட்டாக வேண்டும்.

ஒன்றுமில்லை, அக்கா. நிற்பீர்களா என்று பார்த்தோம்.

இப்படிக்கு,
கையை இறக்கிக்கொண்டு தங்களை வழியனுப்பும்
மருத்துவமனைப் பணியாளர்கள்